முதுகின் நடுவில் ஒரு கையகலம்

1. எண்ணெய் அறையில் கதை இல்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டொக்டர் அம்மாவிடம் நான் ஏச்சு வாங்கினேன். அறைக்குள் ஓர் அம்மா கண்ணை மூடிக் குப்புறக் கிடந்தார். சும்மா இருக்கிறோமே, ஒரு வார்த்தை பேசுவோம் என்று நினைத்து, "எண்ணெய்ச் சூடு காணுமோ?" என்று கேட்டுவிட்டேன். டொக்டர் அம்மா என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"எண்ணெய்ச் சூட்டை உன்ரை முழங்கையிலை விட்டுப் பார். அந்த மனுசியிட்டைக் கேக்காதை. கதைக்கிறதுக்கு வெளியிலை ஆக்கள் நிறையப் பேர் இருக்கினம். இஞ்சை கை மட்டும்தான் கதைக்க வேணும், விளங்கிச்சோ?"

"ஓம், டொக்டர்."

"அந்த ஓமையும் அறைக்குள்ளை சொல்லாதை."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசி. சுற்றி வளைத்துப் பேச மட்டும் தெரியாது.

எங்கள் ஆயுர்வேத நிலையம் திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய பங்களாவில் இருந்தது. மேலே டொக்டர் அம்மாவின் அறை, கீழே எண்ணெய் அறைகள். எண்ணெய் வழியாமல் விளிம்பு வைத்த வேப்பமரக் கட்டிலை நாங்கள் தோணி என்போம். தேய்த்து முடித்த மூலிகைக் கிழிகளைப் பின்பக்கம் கொட்டினால் ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து துணியோடு இழுக்கும். அவற்றைத் துரத்துவதும் தெரபிஸ்ட் வேலைதான். அதை உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரமாட்டார்கள்.

என் பெயர் திரேசா. வீடு பாலையூற்றில். கலியாணம் கட்டவில்லை. அம்மா இருக்கும்வரை அம்மாவும் நானும். அதன் பிறகு நானும் ரேடியோவும். ஓய்வுக்கு வந்துவிட்ட என்னிடம் இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள், "அக்கா, நீங்கள் கற்றதைச் சொல்லுங்கோ" என்று கேட்கிறார்கள். நான் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு சோடிக் கையின் கதைதான். அதையே சொல்கிறேன்.

2. இடமும் வலமும்

அப்பியங்கம் என்றால் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது. எங்கள் நிலையத்தில் அதை இரண்டு பேர் சேர்ந்து செய்வோம். தோணிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், ஒரே பாரத்தில் கை இறங்கவேண்டும். கண்ணை மூடிக் கிடக்கிற ஆளுக்கு எது யாருடைய கை என்று தெரியக்கூடாது. அதுதான் தொழில்.

எனக்குச் சோடியாக வந்தவள் ஜெசீமா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இளையவள். புருசன் கட்டாருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டார். ஒரு மகன் பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டில் உலை ஏறுவது அவளுடைய இரண்டு கையால்தான்.

எங்கள் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து டொக்டர் அம்மா பாடம் எடுத்தார்.

"உடம்பிலை இடப்பக்கம் ஒரு நாடி ஓடுது, இடகலை. அது சந்திரன், குளிர்ச்சி. வலப்பக்கம் பிங்கலை. அது சூரியன், சூடு. நடுவிலை முள்ளந்தண்டோடை சுழுமுனை. இடமும் வலமும் ஒத்து ஓடினால்தான் நடுவழி திறக்கும். திரேசா, நீ இடகலை. ஜெசீமா, நீ பிங்கலை. நீங்கள் ரெண்டு பேரும் ஒத்து ஓடாட்டி வாற சனம் கோணிக்கொண்டுதான் வீட்டை போகும்."

"டொக்டர், நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போறவள். எனக்குச் சுழுமுனையைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன்.

"எனக்கும் தெரியா டொக்டர்," என்றாள் ஜெசீமா. "ஆனா கை சூடாத்தான் இரிக்கி."

"உங்களை நம்பச் சொல்லி ஆர் கேட்டது? கையை ஒழுங்கா வையுங்கோ எண்டுதான் கேட்டனான்."

நாங்கள் மூச்சை வைத்துப் பழகினோம். மூச்சு உள்ளே போகும்போது கை மேலே, மூச்சு வெளியே வரும்போது கை கீழே. அவளுடைய மூச்சைக் கேட்டு நானும் என்னுடையதைக் கேட்டு அவளும். ஆளைத் திருப்ப வேண்டுமென்றால் தோணி விளிம்பில் விரலால் ஒரு தட்டு. வேறு பேச்சு இல்லை. சில மாதங்களில் தட்டும் தேவைப்படவில்லை.

எல்லாம் முடிந்து கடைசியில் இருவருடைய கையும் ஓரிடத்தில் சேரும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், முதுகில், ஒரு கையகல இடம். என் வலக்கை கீழே, அதன்மேல் அவளுடைய வலக்கை. தேய்க்கக்கூடாது, அப்படியே வைத்திருக்கவேண்டும்.

"இது நெஞ்சுக்குப் பின்பக்கம்," என்று டொக்டர் அம்மா சொல்லியிருந்தார். "அனாகதம் எண்டு யோகத்திலை சொல்லுவினம். சனம் தன்ரை துக்கத்தை அங்கைதான் சுமந்து திரியிறது. அவசரப்படாதையுங்கோ."

எத்தனை முதுகுகளில் எங்கள் கை அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய மகனுக்கு என்ன பாடம் பிடிக்கும், அவள் இரவில் என்ன சமைப்பாள் என்பதெல்லாம் எனக்கு நெடுநாள் தெரியாமல் இருந்தது. அவளுக்குத் தலையிடி என்றால் மட்டும், அவள் சொல்லுமுன் என் கைக்குத் தெரிந்துவிடும்.

3. மாரியில் கை பழகுதல்

எங்கள் கரையில் மாரி தொடங்கினால் வெளிநாட்டுக்காரர் வரமாட்டார்கள். துறைமுகம் மழையில் மறைந்து கிடக்கும். எண்ணெய் அறைகள் சும்மா இருக்கும். அந்த நாட்களில் கை மறந்துபோகாமல் இருக்க நாங்கள் ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்க்கவேண்டும் என்பது டொக்டர் அம்மாவின் சட்டம். இன்றைக்கு நான் படுத்தால் நாளைக்கு ஜெசீமா படுப்பாள்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த நாட்களுக்காக நான் வருசம் முழுக்கக் காத்திருப்பேன். நாள் முழுக்க மற்றவர்களுடைய உடம்பைத் தொட்டு வேலை செய்கிறவள் நான். அம்மா போன பிறகு என்னைத் தொட ஓர் ஆள் இல்லை. பஸ்ஸில் இடிபடுவது, பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுப்பது, இவற்றைத் தவிர வேறு மனிதக் கை என்மேல் படுவதில்லை. ஜெசீமா முதுகில் கையை வைத்தால் என் கண்ணீர் தோணிக்குள் சொட்டும். குப்புறக் கிடப்பதால் தப்பினேன்.

வீட்டில் நானே எனக்கு எண்ணெய் வைத்துப் பார்த்திருக்கிறேன். கால், கை, வயிறு, கழுத்து எல்லாம் எட்டும். அந்த ஒரு கையகல இடம் மட்டும் எட்டாது. மேலாலே கை விட்டாலும் கீழாலே கை விட்டாலும் எட்டாது. யார் செய்தாலும் அப்படித்தான். நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு மாரியில் ஜெசீமா என் முதுகில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய இடக்கை வழக்கம்போல இறங்கியது. வலக்கை வந்தது, ஆனால் இறங்கவில்லை. பெருவிரல் அழுத்தவேண்டிய இடத்தில் உள்ளங்கை மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் அதிகமாக்கும் என்று நினைத்தேன். மறுபடியும் அப்படியே.

நான் எழும்பி உட்கார்ந்து துவாயைச் சுற்றிக்கொண்டேன்.

"கையிலை என்ன?"

"ஒண்டுமில்ல அக்கா."

"ஜெசீமா, நான் ஒண்டும் வெள்ளைக்காரி இல்லை. என்ன?"

அவள் வலக்கையைத் துவாயில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"விடியக்கொள்ள விறைச்சுக் கிடக்கும். தேங்காய் துருவ ஏலா. ஊடு கூட்ட விளக்குமாத்தப் புடிக்க ஏலா. எண்ணெயில கொஞ்சம் சூடேறினாப் புறகு சரி வரும்." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "டொக்டருக்குச் சொல்லிடாதீங்க. மகன் இந்த வருசம் சோதனை எடுக்கிறான். கை போனா வேல போயிரும்."

நான் சொல்லவில்லை. அவளுடைய வேலைக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவள் போய்விட்டால் அந்த அறையில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் மறுபாதி.

4. பெண்ணுக்கு இடக்கை

மாரி முடிந்து சனம் வரத் தொடங்குமுன் டொக்டர் அம்மா எங்கள் எல்லோருக்கும் நாடி பார்ப்பார். நோயாளியைத் தொடுகிற கை முதலில் நலமாக இருக்கவேண்டும் என்பார். எங்கள் வைத்தியத்தில் ஆணுக்கு வலக்கையில் நாடி, பெண்ணுக்கு இடக்கையில். அந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஜெசீமா இடக்கையை நீட்டினாள். வலக்கை சால்வைக்குள் இருந்தது.

டொக்டர் அம்மா மூன்று விரலை வைத்து மேலே பார்த்தார். "வாதம் கொஞ்சம் ஏறிக் கிடக்கு. நித்திரை இல்லையோ? இரவிலை பால் குடி." அவ்வளவுதான். அடுத்த ஆள். நான் மூச்சை விட்டேன்.

பிடிபட்டது கனடாவிலிருந்து வந்த ஒரு ரொறன்ரோ அன்ரியால். ஊரில் பிறந்து அங்கே போய்ப் பேரப்பிள்ளை கண்டவர். எலும்பும் சதையும் தாராளமான, பாரமாகக் கை வைக்கவேண்டிய உடம்பு. இரண்டாம் நாளே மாடிக்கு ஏறிப் போய்விட்டார். படியில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"டொக்டர், நான் அங்கை யோகா கிளாசுக்குப் போறனான். எனக்கு எனர்ஜி ஓடுறது விளங்கும். இடப்பக்கம் நல்லா இறங்குது. வலப்பக்கம் ஆரோ தடவிப் போட்டு விட்டமாதிரிக் கிடக்கு. என்ரை பிங்கலை அடைபட்டுப் போச்சு போலை."

அவருடைய பிங்கலையில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் பிங்கலையில்.

"சரி, நான் பாக்கிறன்," என்றார் டொக்டர் அம்மா. படியில் என்னைக் கண்டதும், "நாளைக்கு உங்கடை தோணியிலை முதல் ஆள் நான்," என்றார்.

அது எங்கள் நிலையத்தில் பெரிய சோதனை. டொக்டர் அம்மா கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு தானே படுப்பார். இடமும் வலமும் வேறு வேறாகத் தெரிந்தால் அந்தச் சோடி பிரியும். பிழையான கை வீட்டுக்குப் போகும்.

அன்று பின்னேரம் பஸ் நிலையத்தில் ஜெசீமா என் கையைப் பிடித்தாள், இடக்கையால்.

"அக்கா, நாளைக்கு நீங்க உங்கட மாதிரியே செய்ங்க. என்னால உங்கட பேர் கெட வாணாம். அல்லா எனக்கு ஒரு வழி காட்டுவான்."

"எனக்குத் தொழில் படிப்பிக்காதை. பஸ் வருது, ஏறு," என்றேன்.

காலையில் டொக்டர் அம்மா படுத்தார். நாங்கள் தொடங்கினோம். ஜெசீமாவின் மூச்சு பதறிக்கொண்டு வந்தது. அவள் தன்னால் முடிந்ததற்கு மேலே அழுத்தப் பார்த்தாள், கை நடுங்கியது. நடுக்கம் பாரக் குறைவைவிட மோசம். நான் தோணி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் கையை அவள் பார்க்கும்படியாக மெல்லத் தூக்கி, அவளுடைய வலக்கை எவ்வளவு இறங்குமோ அவ்வளவு மட்டும் இறக்கினேன்.

விளங்கிக்கொண்டாள். அவளுடைய மூச்சு அடங்கியது.

அழுத்திச் செய்வது சுகம். உடம்புப் பாரத்தைக் கையில் விட்டால் போதும். இல்லாத பாரத்தை இருவரும் ஒன்றுபோலப் பிடித்துக்கொண்டு போவது எனக்கு மணிக்கட்டு முறிகிற வேலையாக இருந்தது. கடைசியில் அந்த முதுகு நடுவுக்கு வந்தோம். என் கைமேல் அவளுடைய கை. அதில் பாரமே இல்லை, சூடு மட்டும்தான் இருந்தது. நானும் பாரம் வைக்கவில்லை.

டொக்டர் அம்மா எழும்பிக் கண்துணியை அவிழ்த்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு கையும் ஒண்டு. பிழை சொல்ல ஏலாது. ஆனா ரெண்டு பேரும் பட்டினியோ?"

நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அறைக்குள் பேசக்கூடாது என்ற சட்டம் அன்றைக்கு உதவியது.

"ஜெசீமா, கையைத் தா."

அவள் இடக்கையை நீட்டினாள்.

"மற்றக் கை."

ஜெசீமா அசையவில்லை. டொக்டர் அம்மாவே எட்டிப் பிடித்து இழுத்தார். நாடி பார்க்கவில்லை, பெருவிரல் அடியில் இருக்கிற சதையைத் தடவினார். அங்கே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்ற எனக்குக்கூட அது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"பெண்ணுக்கு இடக்கை, பெண்ணுக்கு இடக்கை எண்டு இவ்வளவு காலமும் இதை மட்டும் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு, "பெரியாசுப்பத்திரிக்குப் போ. இது எண்ணெயாலை தீர்க்கிற விசயமில்லை. நாளைக்கே போ."

"வேல, டொக்டர்?"

டொக்டர் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் உன்ரை கைப்பாரத்தைக் குறைச்சனீ?"

"ஒத்து ஓட வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றேன்.

அவர் கண்துணியை மடித்துத் தோணி விளிம்பில் வைத்தார்.

"இனிமேல் கபக்காரர் உங்களிட்டை வராயினம். பித்தக்காரரும் வேண்டாம். வாதக்காரரை மட்டும் விடுறன். ரெண்டு பேரும் இதே கையோடை நில்லுங்கோ."

5. வாதக்காரர்

புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கப உடம்பு தடித்தது, மந்தமானது. அதைப் பொடி போட்டு உரசித் தட்டி எழுப்பவேண்டும். பித்த உடம்பு சூடானது. அதற்கு நடுத்தரக் கையும் குளிர்ந்த எண்ணெயும். வாத உடம்பு காய்ந்தது. மெலிந்த ஆட்கள், நித்திரை வராதவர்கள், கை கால் குளிர்ந்தவர்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ போய்விடுகிறவர்கள். அவர்களை அழுத்தினால் இன்னும் கலங்கிப்போவார்கள். சூடான எண்ணெய், மெல்லிய கை, அவசரமில்லாத கை, இவைதான் மருந்து.

அப்படிப்பட்ட ஆட்கள் எங்களிடம் வந்தார்கள். பெண்சாதி போன ஆண்களை ஆண் தெரபிஸ்ட்டுகள் பார்த்தார்கள். தனித்துப்போன பெண்கள் எங்களுக்கு. புருசனை இழந்தவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டித் திறந்துகொண்டிருப்பவர்கள். தேர்ந்த பாரமான கைகளுக்குக் கிடைக்காத பெயர் எங்களுக்குக் கிடைத்தது. "அந்த மெல்லிய கைச் சோடி" என்று கேட்டு வந்தார்கள்.

சாம்பல்தீவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், நாங்கள் கடைசியில் முதுகில் கை வைத்ததும் அழத் தொடங்கினார். சட்டப்படி நாங்கள் பேசவில்லை. கையையும் எடுக்கவில்லை. உடுத்திக்கொண்டு போகும்போது அவர் சொன்னார்: "பிள்ளையள், என்னை ஆரும் தொட்டுக் கன காலம்."

ஜெசீமா என்னைப் பார்த்தாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன். அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

6. எட்டாத இடம்

பெரியாசுப்பத்திரியில் கழுத்தெலும்பில் நரம்பு நசிந்திருக்கிறது என்றார்கள். ஒப்பரேசன் செய்யலாம், ஆனால் போன சதை திரும்பும் என்று சொல்ல ஏலாது என்றார்கள். அவள் பயந்து, செய்யாமலே விட்டாள். மகன் சோதனை எழுதி, புத்தளத்தில் வேலை எடுத்து, அங்கேயே கலியாணமும் கட்டினான். ஒரு மாரி தொடங்கும்போது அம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். அவளுக்கு வேலை போகவில்லை; அவளே விட்டாள். கை அப்போது ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவும் தயங்கியது.

கடைசி நாள் மழை. அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"படுங்க அக்கா," என்றாள்.

"உனக்கு ஏலாது. நான் உனக்குச் செய்யிறன்."

"படுங்க எண்டா படுங்க."

ஒற்றை இடக்கையால் செய்தாள். இந்தப் பக்கம் முடித்து, தோணியைச் சுற்றி வந்து, அந்தப் பக்கம் செய்தாள். இடமும் வலமும் ஒன்றாக ஓடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. கடைசியில் முதுகு நடுவில் இடக்கையை வைத்து, அதன்மேல் அந்த மெலிந்த வலக்கையைத் தூக்கி வைத்தாள். அன்றைக்கு நான் முகத்தை மறைக்கவில்லை. மழைச் சத்தத்தில் இருவரும் அழுதோம். அறைக்குள் பேசக்கூடாது என்ற சட்டத்தை மட்டும் மீறவில்லை.

அதன் பிறகு எனக்கு நல்ல பலமான, கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியைச் சோடியாக விட்டார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. என் கைதான் அவளுடைய பாரத்துக்கு ஏறவில்லை. மெல்லிய கையிலேயே நின்றுவிட்டது. பார்த்துப் பார்த்து, நானும் ஓய்வுக்குக் கேட்டுக்கொண்டேன்.

நான் கற்றதைச் சொல்லச் சொன்னீர்கள். சமநிலை என்றால் இரண்டு பக்கமும் பலமாக இருப்பது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பலமான பக்கம் இறங்கி வந்தும் சமமாகலாம். உடம்பில் உங்கள் கைக்கு எட்டாத ஓரிடம் எல்லோருக்கும் உண்டு. நோயாளிக்கு அந்த இடத்தில் அவசரப்படாமல் கை வையுங்கள். உங்களுக்கு வைக்கவும் ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். நான் தேடவில்லை, கிடைத்தபோது அது வேலையின் ஒரு பகுதி என்று இருந்துவிட்டேன்.

இப்போதும் நான் வெள்ளிக்கிழமைகளில் நாராயணத் தைலத்தைச் சூடாக்கி எண்ணெய் வைக்கிறேன். அந்த நாளில் தொழுகை முடிந்த கையோடு ஜெசீமா போன் எடுப்பாள். போன கிழமையும் எடுத்தாள்.

"எண்ணெய் வெச்சீங்களா அக்கா?"

"ஓம், வைச்சனான்."

"காலுக்கு?"

"ஓம்."

"கழுத்துக்கு?"

"ஓம்."

"முதுகுக்கு?"

வழக்கமாக அதற்கும் ஓம் சொல்லிவிடுவேன். அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை.

"எட்டேல்லை, ஜெசீமா."

அந்தப் பக்கம் புத்தளத்து வீட்டில் சட்டி பானைச் சத்தமும் பேரப்பிள்ளையின் சத்தமும் மருமகள் யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. அதற்கு நடுவில் அவளுடைய மூச்சும் கேட்டது. என் மூச்சு தானாகவே அதோடு சேர்ந்துகொண்டது.

"எனக்கும்தான் அக்கா," என்றாள்.